இரண்டாவது திறப்பு

மார்ச் 3, திங்கள்

பீஸக் காற்று. வடகிழக்கிலிருந்து வந்து காதைச் சீவுகிறது. தொப்பி போட்டும் பயனில்லை.

இன்று பூட்டு வாங்கினேன். சைக்கிள் போன கிழமையே வந்துவிட்டது. பச்சை. போன வருட மொடல் என்றபடியால் விலை குறைத்துத் தந்தார்கள். வருடக் கடைசியில் தரும் பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு, என்னுடையது. பூட்டு இல்லாமல் கீழே கெல்லர் நிலவறையில் எல்லாருடைய சைக்கிள்களோடும் விட்டுவிட்டு நித்திரை வரவில்லை.

கடையில் ஒரு பெண். மூக்கில் வளையம், கையெல்லாம் கிறீஸ். மலிவான வயர்ப் பூட்டு போதும் என்றேன். ஒரு பழைய வயர்ப் பூட்டை எடுத்து, குறட்டால் என் கண் முன்னாலேயே வெட்டிக் காட்டினாள். கீரைத்தண்டு நறுக்குகிற மாதிரி.

அவள் சொன்னவை, மறக்காமல் இருக்க:

வயர்ப் பூட்டு – பேக்கரிக்குள் போய் வரும் நேரத்துக்கு மட்டும்.
சங்கிலி – நல்லது, ஆனால் பாரம். கழுத்தில் போட்டுப் பார்த்தேன். கட்டிப்போட்ட மாடு.
ப வடிவப் பூட்டு – உறுதி. தடித்த கம்பத்தைச் சுற்றி எட்டாது.
மடிப்புப் பூட்டு – தட்டையான இரும்புத் துண்டுகள், தச்சனின் அடிமட்டம் போல மடியும். இதைத்தான் எடுத்தேன்.
சில்லை மட்டும் பூட்டினால் சில்லை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவான். பிறேமையும் சில்லையும் அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டு நிலத்தில் கிடக்கக்கூடாது, சுத்தியலால் அடிக்க வசதி.
பிறேம் இலக்கத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். ரசீதும் பத்திரம்.

எந்தப் பூட்டும் உடைபடுமாம். உடைக்க நேரம் எடுக்க வேண்டும், கள்ளனுக்கு அலுப்பு வர வேண்டும், அவ்வளவுதானாம்.

இரண்டு திறப்பு. "ஒன்று உங்களிடம், மற்றதை நம்பிக்கையான ஆளிடம் கொடுங்கள்" என்றாள்.

இவர் வெளியே காருக்குள். பூட்டைத் தூக்கிப் பார்த்தார். "உந்தக் காசுக்கு ரெண்டு கிழமைச் சாமான் வாங்கலாம்." இரண்டாவது திறப்பை வாங்கிக் கார்த் திறப்போடு கோத்துக்கொண்டார். "என்னட்டை இருக்கட்டும். நீர் துலைச்சுப் போடுவீர்."

இருபத்து நான்கு வருடத்தில் நான் எதைத் தொலைத்தேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இடியப்பம், சொதி.

மார்ச் 6, வியாழன்

கடும் குளிர், காற்று இல்லை. முதல் தடவையாகக் காலை வேலைக்குச் சைக்கிளில்.

ஆஸ்பத்திரிக் குசினியில் காலை வேலைக்காரர் தொடங்கும்போது எங்கள் பக்கம் பும்ப்ளிட்ஸில் முதல் பஸ் இன்னும் வெளிக்கிடாது. அதனால் இவர்தான் இரண்டு வருடமாக ஏற்றி இறக்கினார். முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகு களஞ்சிய வேலைக்குத் திரும்பவில்லை. வீட்டில்தான்.

இன்றும் எனக்கு முன்னால் எழும்பிவிட்டார். தேத்தண்ணி போட்டு, ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"இஞ்சரும், ரோட்டிலை பனி உறைஞ்சிருக்கும். சறுக்கும்."

"பாத்துப் போறன்."

"கார் சும்மாதானே நிக்குது."

"நீங்கள் படுங்கோவன். எத்தினை நாளைக்கு என்னாலை முழிக்கிறது."

நல்லதுக்குச் சொன்னேன். ஜக்கெற்றைக் கழற்றவில்லை. கீழே போய்த் திரும்பிப் பார்த்தேன், யன்னலில் நின்றார். கை காட்டினேன். அவர் காட்டவில்லை. இருட்டில் தெரியாமலும் இருக்கலாம்.

ரோட்டில் ஒருவரும் இல்லை. பாண் வாசம். வெறும் ட்ராம் ஒன்று. யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்கு ஓடின கால், மறக்கவில்லை. இரண்டு வருடமாக இந்த வழி முழுக்கக் கேட்டது அவருடைய முதுகும் காப்புறுதிக் கந்தோர்க் கடிதமும் டொக்டர்மாரின் அநியாயமும். இன்று ஒன்றும் கேட்கவில்லை. என் மூச்சு மட்டும். சந்தோசம் என்றுதான் எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

வெயில். கோயில். அபிசேகம் முடிந்து கீழே சாப்பாடு. தட்டோடு வரிசையில் நிற்கும்போது நடராசண்ணை, எல்லாருக்கும் கேட்க:

"என்ன யோகன், மனுசி சைக்கிளிலை திரியிறா எண்டு கேள்வி. காருக்குப் பெற்றோல் அடிக்கக் காசில்லையோ? சொல்லுமன், நாங்கள் சேத்துத் தாறம்."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு, வாய் மட்டும்.

காருக்குள்:

"ஊர் முழுக்கக் கதை."

"சைக்கிள்தானே ஓடுறன். என்ன, களவே எடுக்கிறன்?"

 சிவப்பு விளக்கில் தேவையில்லாமல் கியரை மாற்றிக்கொண்டிருந்தார்.

வாங்க: உளுந்து, பால்மா, சைக்கிள் விளக்குக்கு பற்றரி.

மார்ச் 13, வியாழன்

சைக்கிள் இல்லை.

காலையில் கெல்லர்க் கதவைத் திறந்தேன், லைற் போட்டேன், என் இடம் வெறுமை. இடம் மாறி வைத்துவிட்டேனோ என்று இரண்டு தரம் சுற்றி வந்தேன். நேற்று வேலையால் வந்து, சுவரிலிருக்கும் இரும்பு வளையத்தோடு பூட்டியது நல்ல ஞாபகம். பிறகு மேலே போய்ப் படுத்துவிட்டேன். பூட்டும் இல்லை. வெட்டின துண்டு, இரும்புத்தூள் ஒன்றும் இல்லை. மகள் ஆரணி முன்பக்கத்தில் கட்டிவிட்ட கூடையும் போச்சு.

அழுகை வரவில்லை. வேலைக்குப் பிந்தப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

மேலே ஓடி வந்து சொன்னேன். இவர் உடுத்துக்கொண்டுதான் இருந்தார். "சரி சரி, பதறாதையும், வாரும், நான் கொண்டுபோய் விடுறன்." காரின் முன் கண்ணாடியில் பனி சுரண்டி இருந்தது. உள்ளே சூடு. ஏறி இருந்ததும்தான் அழுகை வந்தது. அவர் கையைப் பிடித்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

"போனது போகட்டும். உமக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

பின்னேரம் கட்டிடம் பார்க்கிற ஹெர் லூத்தியிடம் சொன்னேன். கதவை ஆராய்ந்தார். உடைக்கப்படவில்லை. உள்ளுக்குள் இருக்கிற யாரோ, அல்லது யாரோ கதவைத் திறந்து விட்டிருக்கிறார்கள் என்றார். "இந்த வீட்டில் முப்பது குடும்பம்" என்று கையை விரித்தார்.

மார்ச் 15, சனி

மழை. ஆரணி லோசானிலிருந்து ஃபோன் எடுத்தாள். படிப்பு, பரீட்சை, ஆனாலும் ஒரு மணித்தியாலம் எனக்காக இருந்தாள். பொலிசுக்கு இணையத்தில் முறைப்பாடு. பிறகு வீட்டுக் காப்புறுதி. சைக்கிள் களவும் அதில் அடக்கமாம், போன வருடம் அவள்தான் கையெழுத்து வாங்கியது.

"அம்மா, அவையள் கேக்கினம்: ரசீது, பிறேம் நம்பர், பூட்டின்ரை ரெண்டு திறப்பும்."

"ரெண்டுமோ?"

"ஓம். நீங்கள் உண்மையாப் பூட்டினனீங்களோ எண்டு பாக்க."

உடுப்புத் தோய்க்கும் அறையில் இரண்டாம் மாடிக்காரியும் அவளுடைய சிநேகிதியும். முன் கட்டிடத்தில் புதிதாக வந்து இருக்கிற அகதிப் பொடியன்களாகத்தான் இருக்கும் என்று கதை. என்னைக் கண்டதும் "உங்களைச் சொல்லவில்லை" என்றாள். நான் தலையாட்டினேன். நானும் அவன்களைத்தான் நினைத்திருந்தேன். நானும் இந்த நாட்டுக்கு அப்படித்தான் வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டாவது திறப்பைக் கேட்டேன்.

"எந்தத் திறப்பு?"

"சைக்கிள் பூட்டின்ரை. காரோடை கோத்து வைச்சனீங்கள்."

கார்த் திறப்பை எடுத்துப் பார்த்தார். இல்லை. "எங்கையோ கழண்டு விழுந்திருக்கும். தேடுறன்."

"அது இல்லாட்டிக் காசு தரமாட்டாங்களாம்."

"விடும். என்னத்துக்கு உந்தக் காசு. எத்தினை கடிதம், எத்தினை கேள்வி."

கடையில் தக்காளி கிலோவுக்கு ஒரு பிராங்க் கூட என்றால் திருப்பி வைக்கிற மனுசன். "விடும்" என்கிறார்.

என் மேசை, இவருடைய ஜக்கெற் பொக்கெற், காரின் இருக்கைக்குக் கீழே, எல்லாம் தேடினேன். காருக்குள் இவரும் குனிந்து தேடினார். பழைய பார்க்கிங் ரிக்கெற், மருந்துச் சீட்டு, புளிப்பு மிட்டாய்.

மார்ச் 21, வெள்ளி

காப்புறுதியிலிருந்து மின்னஞ்சல். மரியாதையான ஜெர்மன். இரண்டு திறப்பும் வராவிட்டால் கோரிக்கையைப் பார்க்க முடியாது.

இவர் இந்த நாள்களில் நல்ல குசி. காலையில் காருக்குள் பாட்டு. என்னை இறக்கிவிட்டு, பின்னேரம் வெளிவாசலில் நேரத்தோடேயே வந்து நிற்கிறார். ஒருநாள் போத்தலில் கோப்பி. வேலையிடத்து மரியா, போர்த்துக்கல்காரி, "உன் புருசன் தங்கம்" என்றாள். ஓம் என்றேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆனால் காலையில் கண் விழிக்கும்போது அந்த வெறும் ரோடு ஞாபகம் வருகிறது. புதுச் சைக்கிளுக்குக் காசு இல்லை. பாவித்தது ஒன்று பார்க்கலாம். இவரிடம் சொன்னேன். "இனி வேண்டாம். இன்னொண்டும் களவு போகும்" என்றார். அவ்வளவு நிச்சயமாக.

மார்ச் 29, சனி

காலையில் பனிப்புகார், பிறகு தெளிந்தது.

இவரிடம் சொல்லாமல் ட்ராமில் ஏறி, பழைய சாமான் விற்கிற புறொக்கிக்குப் போனேன். தளபாடம், கோப்பை, இறந்தவர்களின் கோட்டு. பின்னால் முற்றத்தில் சைக்கிள் வரிசை.

நாலாவது என்னுடையது.

பச்சை. கூடை. கூடையைக் கட்டின நீலப் பட்டி.  ஒரே மாதிரி ஆயிரம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு கைபேசியில் இருந்த படத்தை எடுத்து, குனிந்து, பிறேம் இலக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னுடையதுதான். பூட்டு இருக்கைத் தண்டில் மடித்துத் தொங்குகிறது. கைபிடியில் ஒட்டுத்தாளால் ஒட்டின ஒரு திறப்பு. என்னுடைய திறப்பு என் பையில் இருக்கிறது. எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே பல்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. விளங்கியது, ஆனால் உள்ளே விடவில்லை.

முற்றத்துக்குப் பொறுப்பான ஆள் வயதானவர், கம்பளித் தொப்பி. யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். நல்ல சைக்கிள், அதனால்தான் கேட்கிறேன் என்று நினைத்தார் போல.

"ஒரு கனவான். உங்கள் நாட்டுப் பக்கம் என்று நினைக்கிறேன். மிகவும் பண்பானவர். முதுகு சரியில்லை, பாவம், காரிலிருந்து இறக்க நான்தான் பிடித்தேன். காசு வேண்டாம் என்றார். அவருடைய மனைவிக்கு இனி ஓட முடியாதாம்."

"அவவுக்கு என்ன?"

"நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் கேட்க முடியவில்லை. கடும் வருத்தம் என்று நினைத்தேன்."

ரசீது கைபேசியில் இருந்தது. காட்டியிருந்தால் சும்மா தந்திருப்பார். காட்டினால் சொல்ல வேண்டும். காசைக் கொடுத்தேன். என் சைக்கிளை இரண்டாம் தரம் வாங்கினேன். கிழவர் ரயருக்குக் காற்று அடித்துத் தந்து, "உங்களுக்கு இது அதிர்ஸ்டம் தரட்டும்" என்றார்.

வழி முழுக்க ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. வெட்டப்படாத பூட்டு. "விடும்." பனி சுரண்டின கண்ணாடி. நான் சைக்கிள் இல்லை என்று மேலே வந்து சொல்ல முதலே அந்தக் கார் சூடாகி நின்றது. அதுக்குள் இருந்துதான் அழுதேன். அவர் கையைத்தான் பிடித்தேன்.

அதே நாள்

கெல்லரில் வைக்கவில்லை. பின் சில்லில் நிமிர்த்தி லிஃப்றில் ஏற்றி மேலே கொண்டுவந்தேன். இவர் குசினியில். சனிக்கிழமை என்றால் அவர்தான் சமையல். நண்டு. ஏப்ரனோடு வந்து எட்டிப் பார்த்தார்.

சைக்கிள் கொரிடோரில். நான் பக்கத்தில். 

"எங்கை கிடந்தது?"

"நீங்கள் விட்ட இடத்திலை."

அடுப்பை நிற்பாட்டப் போனார். நிற்பாட்டிவிட்டு வரக் கனநேரம் எடுத்தது.

"காசுக்குச் செய்யேல்லை. ஒரு சதம் வாங்கேல்லை."

"காசுக்குச் செய்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்."

"பயத்திலை செய்தனான். பனி, இருட்டு. நீர் விழுந்து கிழுந்து..."

"பொய்."

கதிரையில் இருந்தார். முதுகை நேராக வைத்து, டொக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி.

"எனக்கு ஓடேலாது எண்டு சொன்னனீங்களாம். அந்த மனுசன் நான் சாகக் கிடக்கிறன் எண்டு நினைச்சிருக்கு."

"வாயிலை வந்தது."

"ரெண்டு கிழமை. என்னோடை சேந்து தேடினனீங்கள். காருக்குள்ளை குனிஞ்சு தேடினனீங்கள், முதுகு நோகுது எண்டு சொல்லிச் சொல்லி."

அப்போதுதான் சத்தம் போட்டார். கெட்ட சத்தம் இல்லை. உடைந்த சத்தம்.

"காலமை உம்மைக் கொண்டுபோய் விடுறதும் பின்னேரம் ஏத்திறதும். அதுதானே எனக்கு இருந்தது. அதுக்குத்தானே எழும்பினனான். வேறை என்ன வேலை இருக்கு எனக்கு? நீர் அதையும் எடுத்துப்போட்டீர்."

கடைசியில் எடுத்தது நான் என்று ஆகிவிட்டது.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நிப்பாட்டியிருப்பீரோ?"

 நிற்பாட்டியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

நண்டை ஒருவரும் தொடவில்லை. கறிச் சட்டியோடு ஃபிறிஜ்ஜுக்குள்.

மார்ச் 30, ஞாயிறு

மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளும் நாள். ஒரு மணித்தியாலம் குறைந்தது, நல்லது. கோயிலுக்குப் போகவில்லை. இவர் ஆரணியின் பழைய அறையில் படுத்தார். சைக்கிள் கொரிடோரில், கழிவறைக்குப் போக அதைச் சுற்றித்தான் போக வேண்டும். இவர் போகும்போது பெல்லில் கை பட்டு அடித்தது. "மன்னியும்" என்றார். என்னிடமோ சைக்கிளிடமோ தெரியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

பொலிஸ் நிலையம். முறைப்பாட்டை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நான்தான் பொய்க்காரி.

இளம் பெண் பொலிஸ். கிடைத்துவிட்டது என்றேன். எங்கே? புறொக்கியில். அப்படியென்றால் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று நாங்கள் பார்க்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினாள்.

"வேண்டாம். வீட்டு ஆள். தவறுதலாக."

பேனையை வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் மாறிவிட்டது.

"வீட்டில் எல்லாம் ஒழுங்கா? உங்களை அடிக்கிறாரா?"

"இல்லை."

"வெருட்டுகிறாரா?"

"இல்லை."

"அப்போ என்ன செய்தார்?"

"காலையில் தேத்தண்ணி போட்டுத் தருவார்" என்று சொல்ல வந்தது. "சைக்கிளைக் கொண்டுபோய்க் குடுத்தார்" என்றேன்.

ஒரு சின்ன அட்டை தந்தாள், எப்போதும் எடுக்கலாம் என்ற ஒரு இலக்கத்தோடு. நல்ல பிள்ளை. வெளியே வந்து அட்டையைப் பார்த்தேன். அடி வாங்கினவர்களுக்கான அட்டை. எனக்கு அடி இல்லை. எனக்கு என்ன இலக்கம் என்று தெரியவில்லை. குப்பையில் போட மனம் வரவில்லை, பஸ் கார்ட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

காப்புறுதிக்கும் ஒரு வரி: சைக்கிள் கிடைத்தது, நன்றி.

ஏப்ரல் 2, புதன்

ஆரணி. "கிடைச்சிட்டுதோ! ஆர் எடுத்தது?"

"தெரியாது."



"அப்பாதானே?"

எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. என்னை விடக் கெதியாகக் கண்டுபிடித்திருக்கிறாள், லோசானில் இருந்துகொண்டு.

"அம்மா, அப்பா பாவம். அவருக்கு டிப்ரெஷன் போலை. கோவப்படாதேங்கோ. டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் ஸ்ட்ரோங்தானே."

ஸ்ட்ரோங். சரி. டொக்டருக்கு நேரம் எடுப்பது என் வேலை, கூட்டிக்கொண்டு போவது என் வேலை, கோபப்படாமல் இருப்பதும் என் வேலை. நான் என்ன ஆனேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன். அடுத்த மாதம்தான் இடம்.

ஏப்ரல் 5, சனி

வெயில். ஆரே ஆற்றங்கரையில் சனம் ஐஸ்கிறீமோடு.

பூட்டுக் கடை. அதே பெண், அதே கிறீஸ். வேறு பூட்டு வேண்டும் என்றேன். போனது உடைக்கப்பட்டதோ என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"எந்த இடத்தில் பயம்? ஸ்ரேசனிலா, வேலையிடத்திலா?"

"வீட்டில்."

சிரித்தாள். என்னைப் பார்த்தாள், சிரிப்பை நிற்பாட்டினாள். உள்ளே போய் எண் பூட்டு ஒன்று கொண்டுவந்தாள். தடித்த சங்கிலி, துணி உறை, நாலு எண் வளையம். எண்ணை எப்படி மாற்றுவது என்று காட்டிவிட்டு, நான் மாற்றும்போது தானாகவே மற்றப் பக்கம் திரும்பி நின்றாள்.

அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். இந்தக் கொப்பி துவாய்களுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனாலும்.

சைக்கிளைத் திரும்பவும் கெல்லருக்கு இறக்கினேன். சங்கிலியை வளையத்தோடு போட்டுப் பூட்டும்போது இவர் குப்பைப் பையோடு வந்தார். பார்த்தார்.

"திறப்பு எங்கை?"

"திறப்பு இல்லை."

ஏப்ரல் 8, செவ்வாய்

மழை, பிறகும் மழை. சைக்கிளில்தான். சப்பாத்துக்குள் தண்ணி.

இப்போது இவர் எழும்புவதில்லை. எழும்பாமல் முழித்துக்கொண்டு கிடக்கிறார், மூச்சில் தெரியும். தேத்தண்ணி நானே. வீட்டில் பேச்சு: உப்புக் காணாது. கடிதம் வந்தது. லைற்றை நிப்பாட்டும். நடராசண்ணை இரண்டு தரம் ஃபோன் எடுத்தார், ஏன் கோயிலுக்குக் காணவில்லை என்று. இவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அந்த ஆளின் ஒரு பகிடி எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்தது என்று அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆனால் பகிடியிலும் பழியைப் போட முடியாது. காரில் சைக்கிளை ஏற்றியது பகிடி இல்லை.

மரியா: "என்ன, புருசன் வருவதில்லையா இப்போ?" மழை பிடிக்காது என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

பனிப்புகார். கைவிரல் விறைத்தது.

பூட்டின பிறகு நாலு வளையத்தையும் சைபரில் விடுவது என் பழக்கம். இன்று காலையில் சைபர் இல்லை. 2 0 0 1.

பூட்டு பூட்டினபடி. கெல்லரில் பிள்ளைகள் விளையாடித் திருகியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு எண்ணை வாசித்தேன். எங்கள் கலியாண வருசம்.

கலியாண நாளை இவர் ஆறேழு வருடமாக மறந்துபோகிறவர். வருசம் சரியாக இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

2 0 0 3. ஆரணி பிறந்த வருசம்.

பின்னேரம் வேலையால் வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். என்ன கேட்பது? திரும்பவும் கொண்டுபோகத் தேடுகிறாரோ, அல்லது தான் அதற்குள் எங்கேயாவது இருக்கிறேனோ என்று தேடுகிறாரோ. இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு வழி இருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப்பிறப்பு. வேலை நாள். மெல்லிய தூறல்.

நான் வெளிக்கிடும்போது எழும்பி வந்தார். வேட்டி இல்லை, பழைய பிஜாமா. குனிந்து, கடித உறை ஒன்றை நீட்டினார். கைவிசேடம், வருசப்பிறப்புக் காசு. ஒவ்வொரு வருடமும் தருவது, இந்த வருடம் தரமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

"பிடியும். வலக்கையாலை."

வாங்கினேன். "உங்களுக்கும் நல்ல வருசமா இருக்கட்டும்."

"பாத்துப் போம்."

அவ்வளவுதான். கீழே போனேன். லைற் போட்டேன்.

1 9 7 1.

தான் பிறந்த வருசத்தைக் கடைசியாகத்தான் பார்த்திருக்கிறார்.

பூட்டின் எண் அதுவும் இல்லை. திறந்து, சங்கிலியைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.